ஓர் இரவுக்கான நிலம்: ஹடப்சர் வழியே கூடாரங்களின் வரலாறு

புனே நகரின் கிழக்கு ஓரத்தில், சோலாப்பூருக்கும் சாஸ்வட்டுக்கும் சாலைகள் பிரியும் இடத்தில் இருக்கிறது ஹடப்சர். 1966இல் தொடங்கிய சீரம் தடுப்பூசி நிறுவனமும், 2000க்குப் பிறகு எழுந்த மகர்பட்டா மென்பொருள் வளாகமும் இன்று அதன் அடையாளங்கள். தமிழகத்திலிருந்து போனவர்கள் உட்பட அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் வார இறுதியில் மேற்கே பவனா, முள்ஷி, பான்ஷேத் நீர்த்தேக்கங்களுக்குப் போய், கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கித் திரும்புகிறார்கள். இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று சிலர் வரவேற்கிறார்கள், சிலர் கடிந்துகொள்கிறார்கள். இரு சாராரும் ஒரே தவறான எண்ணத்திலிருந்துதான் பேசுகிறார்கள். தண்ணீர் இருக்கும் இடம் தேடிக் கூடாரம் அடிப்பது தக்காணத்துக்குப் புதிதே அல்ல. ஹடப்சர் வழியாக மட்டும் எத்தனையோ தலைமுறைகளாகக் கூடாரங்கள் போய்வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு காலத்திலும் மாறியது ஒன்றுதான்: தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில், ஓர் இரவு தங்கும் உரிமை யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்பது. அந்த நிபந்தனைகளின் வரலாற்றைப் படித்தால், இன்றைய ஏரிக்கரைக் கூடாரங்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும் என்பதே என் வாதம்.

முதலில் வந்தவை படைகளின் கூடாரங்கள். முகலாயப் பேரரசர்கள் பயணம் போகும்போது கூடாரங்களை இரண்டு தொகுதியாக வைத்திருப்பார்கள். அரசர் ஒன்றில் தங்கியிருக்க, மற்றொன்று அடுத்த இடத்துக்கு முன்கூட்டியே போய் நிறுவப்பட்டுவிடும். ஔரங்கசீப் தம் கடைசி 25 ஆண்டுகளைத் தக்காணத்தில், பெரும்பாலும் இப்படிப்பட்ட துணி நகரங்களில்தான் கழித்தார். 1695இல் அவரது பாசறையைக் கண்ட இத்தாலியப் பயணி ஜெமெல்லி கரேரி, அதன் சுற்றளவு 30 மைல் இருக்கும் என்று எழுதினார். அளவைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அது ஒரு தலைநகர் அளவுக்குப் பரந்திருந்தது என்பதில் ஐயமில்லை. இவ்வளவு பேருக்கும் யானை, குதிரைகளுக்கும் தண்ணீர் வேண்டுமென்றால் ஆற்றங்கரையை விட்டால் வேறு வழியில்லை. அதே ஆறுதான் ஆபத்தும்கூட. 1700 அக்டோபரில் மாண் ஆற்றங்கரையில் கவாஸ்பூர் என்னும் இடத்தில் பாசறை இருந்தபோது, இரவில் வெள்ளம் புகுந்து ஆட்களையும் கூடாரங்களையும் அடித்துச் சென்றது. அந்தக் குழப்பத்தில் ஔரங்கசீப்பின் வலது முழங்கால் பிசகியது. அதன்பின் அவர் இறுதிவரை நொண்டியபடியே நடந்தார். பேரரசராகவே இருந்தாலும், கரையில் கூடாரம் அடிப்பவர் ஆற்றின் கணக்குக்குக் கட்டுப்பட்டவர்தான்.

மராட்டியப் படைகளும் இப்படியே நகர்ந்தன. 1809இல் சிந்தியாவின் பாசறையோடு பயணம் செய்த பிரௌட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய கடிதங்களில், கூடாரங்களுக்கு நடுவே கடைத்தெருக்களும் வணிகர்களும் குடும்பங்களும் சேர்ந்தே இடம்பெயர்வதைப் பார்க்கலாம். ஹடப்சர் சமவெளி அத்தகைய பாசறைகளுக்கு ஏற்ற நிலம்: புனேக்கு மிக அருகில், கிழக்கே இருந்து வரும் பெருவழியில், முளா-முட்டா ஆற்றுக்கு எட்டும் தூரத்தில். 1802 அக்டோபரில் யஷ்வந்த்ராவ் ஹோல்கரின் படை அந்த வழியாகத்தான் வந்து லோணிக்கு அருகே பாசறை அமைத்தது. அக்டோபர் 25, தீபாவளி நாளன்று, ஹடப்சருக்கும் கோர்படிக்கும் இடைப்பட்ட வெளியில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவும் தௌலத்ராவ் சிந்தியாவும் சேர்ந்து நிறுத்திய படையை அவர் முறியடித்தார். பேஷ்வா கொங்கணத்துக்கு ஓடி, டிசம்பர் 31 அன்று பஸ்ஸீனில் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மராட்டிய அரசின் சுதந்திரம் அந்தக் கையெழுத்தோடு முடிந்தது என்று வரலாற்று நூல்கள் சொல்லும். ஆனால் பாசறை கிடந்த நிலத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு. வென்றவர் கூடாரமாக இருந்தாலும் தோற்றவர் கூடாரமாக இருந்தாலும் புல்லும் விறகும் தானியமும் சுற்றியிருந்த ஊர்களிலிருந்துதான் போயின. படை தங்கிய இரவுக்கு ஊர் விலை கொடுத்தது. ஊரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

படைகள் போன பிறகு வந்த வெள்ளை அதிகாரிகளின் கூடாரங்களிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. மழை ஓய்ந்ததும் கலெக்டர் தம் அலுவலகத்தையே கூடாரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். தோப்புநிழலில், குளக்கரையில் முகாம் இறங்கும். கணக்குகள் பார்க்கப்படும், வழக்குகள் கேட்கப்படும். சென்னை மாகாணத்தின் ஜமாபந்தி முகாம்களை நினைவில் வைத்திருக்கும் தமிழருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மக்கள் இருக்கும் இடத்துக்கு அரசு வந்தது என்று இதைப் புகழ்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அந்த முகாமுக்குத் தண்ணீர் சுமந்ததும் விறகு பிளந்ததும் மூட்டை தூக்கியதும் ஊர் ஊழியத்தில் கட்டுண்ட சாதியினர். மராட்டியத்தில் மகர்கள் வதன் என்ற பரம்பரை ஊழிய முறையின்கீழ், வந்துபோகும் அதிகாரிகளுக்கெல்லாம் இரவு பகல் பாராமல் வேலை செய்தார்கள். அதற்குக் கிடைத்தது சிறு துண்டு நிலமும் ஊர் தரும் தானியமும்தான். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1874ஆம் ஆண்டுப் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்த அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தது இந்தக் கட்டிலிருந்து அவர்களை விடுவிக்கத்தான். கூடாரத்தில் தங்குபவர் யார் என்பதோடு, அதற்காக உழைப்பவர் யார், என்ன கூலிக்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று அந்த மசோதா நமக்குச் சொல்லித் தருகிறது.

இவற்றுக்கு முற்றிலும் வேறான ஒரு கூடார மரபும் இதே ஹடப்சர் வழியே நடந்துவந்திருக்கிறது. அதுதான் வாரி, பண்டரிபுரத்துப் பாண்டுரங்கனைக் காண ஆஷாட மாதத்தில் நடந்துபோகும் பயணம். 1685இல் துக்காராமின் மகன் நாராயண மகராஜ், பக்திக் கவிஞர்களான ஞானேஷ்வர், துக்காராம் இருவரின் பாதுகைகளையும் பல்லக்கில் வைத்துக்கொண்டு போகும் வழக்கத்தைத் தொடங்கினார் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், சாத்தாரா பக்கத்து ஆர்பள் ஊரைச் சேர்ந்த ஹைபத்பாபா, ஞானேஷ்வரின் பல்லக்கை ஆளந்தியிலிருந்து தனியாகப் புறப்பட வைத்தார். அவர் சிந்தியாவின் அரசவையில் பணிபுரிந்தவர். பயணத்துக்கான குதிரைகளையும் கூடாரத்தையும் கொடுத்தது அங்கலியின் ஷிதோளே என்ற படைத்தலைவர் குடும்பம். அந்தக் குதிரைகள் இன்றும் ஆண்டுதோறும் அங்கலியிலிருந்து ஆளந்திக்கு நடந்தே வருகின்றன. இந்தத் தொடர்பைத் தற்செயல் என்று தள்ள முடியாது. சேனையை நகர்த்தத் தெரிந்த கைகளே பக்தர் கூட்டத்தையும் நகர்த்தின. அணிவகுப்பு, கட்டியக்காரர், கூடாரம், முன்னால் போகும் குதிரை என்று பாசறையின் உறுப்புகள் எல்லாம் வாரியில் இருக்கின்றன. ஊரிடம் பறித்துத் தின்னும் பழக்கம் மட்டும் இல்லை. படை வந்தால் ஊர் கதவடைத்தது. வாரி வந்தால் ஊர் சோறு வடித்துக் காத்திருந்தது.

இரண்டு பல்லக்குகளும் புனேயிலிருந்து ஒரே நாளில் கிளம்பி ஹடப்சர்வரை ஒரே சாலையில் வருகின்றன. வண்டிகள் நிற்கும் இடமாக இருந்து பெயர் பெற்ற காடிதள் சந்திப்பின் பக்கம் இளைப்பாறிவிட்டு அவை பிரிகின்றன. துக்காராமின் பல்லக்கு சோலாப்பூர் சாலையில் லோணி காள்போருக்குப் போகிறது. ஞானேஷ்வரின் பல்லக்கு தெற்கே திரும்பி, முதலாம் பாஜிராவின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் மஸ்தானி ஏரியைக் கீழே விட்டுத் திவே கணவாயில் ஏறிச் சாஸ்வட் சேர்கிறது. அங்கே இரண்டு இரவு முகாம். பிறகு ஜேஜுரி, வால்ஹே, நீரா ஆறு தாண்டி லோணந்த் என்று சுமார் மூன்று வாரம். மாலையில் முகாம் இறங்குவதற்கென்றே ஊர்கள் தோறும் ஒதுக்கிய திடலைப் பால்கி தள் என்கிறார்கள். திண்டி எனப்படும் பாடும் குழுக்களுக்கு எண் உண்டு, வரிசை உண்டு. ஞானேஷ்வர் பல்லக்கின் தேருக்கு முன்னால் போகும் திண்டிகள் 27, மற்றவை பின்னால். மாலையில் எல்லோரும் கூடும் ஆரத்தியின்போது சோப்தார் என்னும் கட்டியக்காரர் கோலை உயர்த்தினால் அத்தனை தாளங்களும் நிற்க வேண்டும். குறையுள்ள திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருக்கும். குறையைக் கேட்ட பிறகுதான் அது ஓயும். தொலைந்த பொருள், கிடைத்த பொருள் பற்றிய அறிவிப்பும் அப்போதுதான். லட்சக்கணக்கானோர் காவலர் தடியின்றித் தங்கி எழுந்து போவதற்கான வழிமுறையை இந்தச் சமூகம் இவ்வளவு எளிமையாக வகுத்து வைத்திருக்கிறது. விடிந்தால் திடல் ஊருக்குத் திரும்பக் கிடைக்கும்.

தமிழ்நாட்டு மரபோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை இன்னும் துலங்கும். ஹடப்சரில் போர் நடந்த அதே காலகட்டத்தில், தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி, இராமேஸ்வரம் போகும் வழியில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். பயணிக்குக் கூரையும் சோறும் தருவது அரசின் கடமை என்று எண்ணிய தஞ்சை அரசர்கள் அதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்தார்கள். சத்திரம் நிலையானது, அதைப் பேணக் கிராமங்களின் வருவாயை எழுதிவைக்க வேண்டும். அந்த வருவாய் கை மாறினால் அடுப்பு அணையும். வாரியின் திடலுக்குக் கட்டடமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். ஆண்டில் ஓரிரு நாள் ஊர் தன் பொது நிலத்தை விட்டுக்கொடுத்தால் போதும். ஆனால் அதற்குப் பொது நிலம் இருந்தாக வேண்டும். அதுதான் அதன் பலவீனம்.

பொது வெளியின் அருமை 1897இல் இன்னொரு விதமாகத் தெரியவந்தது. புனேயில் பிளேக் பரவியபோது அரசு அமைத்த குழுவுக்கு ரேண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி தலைமை தாங்கினார். வீடுகளுக்குள் படைவீரர்கள் புகுந்து சோதித்து, நோயாளிகளையும் உடனிருந்தோரையும் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். எழுந்த ஆத்திரத்தில் ஜூன் 22 அன்று ரேண்ட் சுடப்பட்டார். அதே மாதங்களில், ஊருக்கு வெளியே நோய் தொடாத நிலமாக இருந்த ஹடப்சரின் சாஸனே மளாவில், சாவித்திரிபாய் பூலேயின் வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்த் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். சாவித்திரிபாய் முண்ட்வாவிலிருந்து நோயுற்ற ஒரு தலித் சிறுவனைத் தாமே தூக்கி வந்தார். அவருக்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். பிடித்துக்கொண்டுபோய் அடைத்த முகாமும், அன்போடு அழைத்துப்போன சிகிச்சையிடமும் நாடியது ஒரே பொருளைத்தான்: ஊருக்கு வெளியே உள்ள திறந்த வெளியை. ஒன்று வெறுப்பை விளைத்தது, மற்றொன்று வணக்கத்தை. மக்களின் மானத்தை மதித்ததா என்பதுதான் வேறுபாடு.

இன்பத்துக்காகக் கூடாரம் அடிப்பது இந்த வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்தது. 1869இல் அமெரிக்கப் பாதிரியார் வில்லியம் மர்ரே, அடிராண்டாக் மலை ஏரிகளைப் பற்றி எழுதிய நூலைப் படித்து நகரத்தார் கூட்டம் கூட்டமாக அங்கே கிளம்பினார்கள். 1907இல் பேடன்-பவல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கூடாரத்தில் தங்கவைத்ததிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. அந்த இயக்கத்தின் வழியாகவும் பள்ளி, கல்லூரி முகாம்களின் வழியாகவும் பழக்கம் இங்கே பரவியது. ஆனால் அடிராண்டாக் ஏரிகளுக்கும் புனேயின் ஏரிகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவை இயற்கையாக அமைந்தவை. புனேயைச் சுற்றியுள்ள பெரிய ஏரிகளோ அணை கட்டித் தேக்கியவை. 1870களில் கடக்வாஸ்லாவில் அணை எழுந்தது. அந்த நீர்ப்பரப்புக்கு ஃபைஃப் என்ற பொறியாளரின் பெயர் வைத்தார்கள். அதிலிருந்து கிளம்பும் முட்டா வலது கால்வாய் புனே நகரின் ஊடாக ஹடப்சருக்கு வந்து கிழக்கே போகிறது. ஹடப்சரைச் செழித்த விளைநிலமாக்கியது அந்தத் தண்ணீர். மகர்பட்டா வளாகம் நிற்கும் சுமார் 400 ஏக்கரும் 100க்கு மேற்பட்ட விவசாயக் குடும்பங்களின் நிலம்தான்.

ஹடப்சர் பெற்ற தண்ணீருக்காக, அதைப் போலவே பிற அணைகளின் தண்ணீருக்கும் மின்சாரத்துக்குமாக, வேறு ஊர்கள் நிலம் இழந்தன. முள்ஷியில் டாடா மின் நிறுவனத்தின் அணைக்கு எதிராக 1921இல் சேனாபதி பாபட்டும் விநாயக்ராவ் புஸ்குடேயும் விவசாயிகளோடு சத்தியாகிரகம் தொடங்கினார்கள். அணைக்காக இடம்பெயர்க்கப்படுவோர் நடத்திய முன்னோடிப் போராட்டங்களில் ஒன்று அது. அது தோற்றது, ஊர்கள் மூழ்கின. 1972இல் முடிந்த பவனா அணைக்காக நிலம் கொடுத்தவர்களில் பலர் மாற்று நிலம் கேட்டுப் பல பத்தாண்டுகள் அலைந்தார்கள். அந்த அணையிலிருந்து பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகருக்கு மூடிய குழாயில் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9 அன்று மாவள் விவசாயிகள் மும்பை-புனே விரைவுச் சாலையை மறித்தபோது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் இறந்தார்கள். இன்று பவனா கரையில் திகோனா, துங் கோட்டைகளைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் கூடாரங்கள் இந்த வரலாற்றின்மேல்தான் நிற்கின்றன. கரையின் பல பகுதிகளில் வேலியும் கட்டண வாயிலும் வந்துவிட்டன. படையும் அதிகாரியும் செய்ததைப்போலவே, ஊரின் சம்மதம் கேட்கப்படாமலே கரை கைமாறுகிறது. இம்முறை கைமாற்றுவது சந்தை.

வாரியோடு ஏரிக்கரை உல்லாசத்தை ஒப்பிடலாமா, ஒன்று பக்தி, மற்றொன்று கேளிக்கை அல்லவா என்ற மறுப்பு எழும். நோக்கங்கள் வேறுதான். ஆனால் ஒப்பீடு நோக்கத்தைப் பற்றியது அல்ல, தங்கும் முறையைப் பற்றியது. நிலத்துக்கும் தண்ணீருக்கும் பக்தனின் கழிவு வேறு, பயணியின் கழிவு வேறு என்ற பாகுபாடு கிடையாது. நகரத்தில் பிறந்த ஒருவர் விண்மீன்களைப் பார்க்க ஓர் இரவு வெளியே தங்க விரும்புவதில் குறையேதும் இல்லை. அந்த விருப்பத்தை மதிப்பவர்களே அதற்கான ஒழுங்கையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வாரியைப் புனிதமாக்கிக் காட்டுகிறோமா? 19ஆம் நூற்றாண்டில் பண்டரிபுர யாத்திரையோடு காலராவும் பயணம் செய்தது. வாரியில் நடந்து எழுதிய மானுடவியலாளர் ஐராவதி கார்வே, பிராமணரும் மராட்டாக்களும் தனித்தனியே உண்டதை வேதனையோடு பதிவு செய்தார். தலித்துகளுக்குப் பண்டரிபுரத்து விட்டலன் கோயிலைத் திறக்க 1947 மே மாதத்தில் சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் குறைகள் வாரிக்கு உள்ளிருந்தும் அதைச் சூழ்ந்த சமூகத்திலிருந்தும் கேள்விக்குள்ளாகித் திருத்தம் கண்டன என்பதும் உண்மை. 2015க்குப் பிறகு நிர்மல் வாரி என்ற முயற்சியில் முகாம்களில் தற்காலிகக் கழிப்பறைகள் வைக்கப்பட்டு, திறந்தவெளி அசுத்தம் பெரிதும் குறைந்தது. பொதுவானதாக இருப்பதால்தான் வாரியைத் திருத்த முடிந்தது. எல்லோருக்கும் உரியது என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றிடம்தான் எல்லோரும் கணக்குக் கேட்க முடியும். வேலிக்குள் போன கரையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க இடமில்லை.

மூன்றாவது மறுப்பு கரையில் வாழ்வோருடையது. நிலத்தை அணைக்குக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்று கூடாரம் வாடகைக்கு விடுவது ஒரு பிழைப்பு. கட்டுப்பாடு என்ற பெயரில் அதையும் பறிக்கலாமா? கூடாது. கூடாரத் தொழிலைத் தடைசெய்வது இரண்டாம் முறை அவர்களை இடம்பெயர்ப்பதாகும். ஆனால் கட்டுப்பாடே இல்லாவிட்டால் முதலில் தோற்பவர்களும் அவர்கள்தான். பணம் உள்ளவர் பெரிய வளாகம் அமைப்பார். ஊரார் அங்கே கூலியாள் ஆவார்கள். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தாவர நோயியலாளர் எமிலியோ மெய்னெக்கி, முகாமிடுவோரின் காலடியிலும் கார்ச் சக்கரத்திலும் மண் இறுகி மரவேர்கள் மடிவதைக் காட்டி, வண்டி நிற்கும் இடம், கூடார இடம், அடுப்பு எல்லாவற்றையும் நிலையாகக் குறித்துவைக்கும் முறையை வகுத்தார். அரசுப் பூங்காக்களின் முகாம் திடல்கள் அதைப் பின்பற்றின. அங்கே எண்ணும் எல்லையும் வைத்ததால் முகாமிடுவது அழியவில்லை, நிலைத்தது. தேருக்கு முன் 27 திண்டி என்று வகுத்தவர்களுக்கு இந்த அறிவு முன்பே இருந்தது.

ஆகவே பவனாவுக்கும் முள்ஷிக்கும் வேண்டியது பால்கி தள் போன்ற ஒரு பொதுத் திடல்: நீர்விளிம்பிலிருந்து விலகி, இத்தனை கூடாரம்தான் என்ற எண்ணிக்கையோடு, கழிப்பறையும் குப்பை ஏற்பாடும் உயிர்காப்பு ஏற்பாடும் உள்ள திடல். மழைக்காலத்தில் நீர்மட்டம் பார்த்து அதை மூடும் அதிகாரம் இருக்க வேண்டும். நடத்தும் உரிமை, முதல் உரிமையாக, அணைக்கு நிலம் இழந்த குடும்பங்களின் கூட்டுறவுகளுக்குப் போக வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவருக்கும் ஓர் ஓரம் திறந்திருக்க வேண்டும். இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. ஊர் இடம் தரும், வந்தவர் ஒழுங்கோடு தங்குவார், விடிந்ததும் இடத்தைத் திருப்பித் தருவார் என்ற உடன்பாட்டை ஹடப்சர் சாலை ஆண்டுதோறும் வாரியில் கண்டுகொண்டிருக்கிறது. மற்ற கூடாரங்கள் எல்லாம், படையின் பலத்தாலோ பதவியின் அதிகாரத்தாலோ, ஊரைக் கேட்காமல் நின்றவை. அவற்றுக்குக் காரணமான அரசுகள் போனதும் அவையும் போயின. கேட்டு நின்ற கூடாரம் மட்டும் ஏறக்குறைய 200 ஆண்டுகளாக வரவேற்கப்படுகிறது. ஏரிக்கரைக்குப் போகும் இளைஞர்களும் அவர்களை அனுமதிக்கும் அரசும் எந்த மரபைப் பின்பற்றுவது என்று தீர்மானிக்க இந்தச் சான்று போதுமானது.